ராகுகாலம் சொன்ன மெசின்

பாரிஸில் ராகுகாலம் எத்தனை மணிக்கு வருகிறது என்பது எண்பதுகளின் நடுப்பகுதியில், தமிழ்க் கடைகள் இருந்த லா ஷப்பேலில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஊரிலிருந்து வந்த கலண்டரைச் சுவரில் மாட்டிவைத்து, அதில் போட்டிருந்த நேரத்தையே எல்லோரும் நம்பினார்கள். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது, சனி ஒன்பதிலிருந்து பத்தரை. அந்த நேரத்தில் வெளியே இன்னும் விடியாமல் இருட்டாகக் கிடந்தாலும் யாரும் சட்டை செய்யவில்லை. ராகுவும் எங்களோடு விமானம் ஏறி வந்தவர், யாழ்ப்பாண நேரப்படிதான் வேலைக்கு வருவார் என்று நினைத்துக்கொண்டார்கள். அது பிழை என்று முதலில் சொன்னவர் என் சித்தப்பா.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தபடி மற்றவர்களைத் திருத்தினார். ராகுகாலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு. திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. ஊரில் ஆறு மணிக்கு உதிக்கிற சூரியன் இங்கே தை மாதத்தில் எட்டரைக்கு உதிக்கிறது. பிறகு எப்படி ஊர்க்கணக்கு சரிவரும் என்பது அவர் கேள்வி. கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழைய கலண்டரையே பார்த்தார்கள். சித்தப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவருக்கு வாய்ப்பாக ஒரு மெசின் வந்து சேர்ந்தது. ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் விமான டிக்கெட் விற்கும் கடை ஒன்றை வைத்திருந்தவர் புதுச்சேரிக்காரர், கிறிஸ்தவர். பிரெஞ்சுக்காரர் மாதிரியே கழுத்துப்பட்டி கட்டுவார். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை மலிவாக வாங்கிவந்துவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் துணி போட்டு மூடிவைத்திருந்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. படம் இல்லை, சுட்டி இல்லை. கட்டளையைத் தட்டினால் செய்யும், தட்டாவிட்டால் சும்மா இருக்கும். சித்தப்பா போய் அதற்கு உயிர் கொடுத்தார். அந்தச் சாட்டில் என் அம்மாவுக்கு அங்கே அரை நாள் வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவின் வேலையில் முக்கியமானது திங்கட்கிழமை காலை வேலை. சித்தப்பா ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். மெசின் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டியதை வரிவரியாகச் சொல்லிவைத்த ஒரு ஃபைல் அது. ஆண்டு முடிவில் தபால்காரர் கொண்டுவந்து தரும் கலண்டரில், புனிதர்களின் பெயருக்குப் பக்கத்தில் பாரிஸின் சூரிய உதயமும் அஸ்தமனமும் போட்டிருக்கும். அந்த நேரங்களை எல்லாம் சித்தப்பா மெசினில் ஏற்றிவிட்டார். ஸ்கிரிப்டை ஓட்டினால் அது பகலை எட்டாகப் பிரித்து, அந்தக் கிழமையின் ஏழு நாள் ராகுகாலங்களையும் கணக்கிட்டு ஒரு தாளில் அச்சடித்துத் தரும். அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் கடைக்கு நானும் போயிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா கதிரையின் நுனியில் இருந்து, சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி ஸ்கிரிப்டின் பெயரை ஒற்றை விரலால் தட்டினார். மெசின் ஒரே வரியில் மறுத்தது: அனுமதி இல்லை. அது ஆங்கிலத்தில் சொன்னது. ஆனால் அந்தச் சொல் பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதேதான் என்பதால் என்னாலும் வாசிக்க முடிந்தது. அம்மா சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டார்.

"நான் ஏதும் தொடக்கூடாததைத் தொட்டுப்போட்டனோ?"

"இல்லை அண்ணி. எழுதிவைச்சாப்போலை ஓடாது. ஓட்டலாம் எண்டும் அதுக்குச் சொல்லவேணும்" என்றார் சித்தப்பா.

பிறகு தன் அறையில் இருக்கும் கறிச்சட்டியைக் கொண்டு அவர் அதை விளக்கினார். அடுப்படியில் ஒரு சட்டி இருக்கிறது என்றால், அதைத் திறந்து பார்ப்பது ஒரு அனுமதி, அதில் உப்புப் போடுவது இன்னொரு அனுமதி, அடுப்பில் ஏற்றுவது வேறொரு அனுமதி. ஃபைலுக்கும் அதேபோல வாசிக்க, மாற்ற, ஓட்ட என்று மூன்று. அந்த மூன்றையும் மூன்று விதமான ஆட்களுக்குத் தனித்தனியாகக் கொடுக்கலாம்: கறி வைத்தவனுக்கு, கூட இருக்கிறவர்களுக்கு, வெளியாட்களுக்கு. வாசிக்க நாலு, மாற்ற இரண்டு, ஓட்ட ஒன்று என்று மெசின் கணக்கு வைத்திருக்கிறது. மூன்றையும் கூட்டினால் ஏழு. அம்மா இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தார்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடு, எல்லாவற்றையும் எல்லோருக்கும் ஒருபோதும் கொடுக்காதே என்று சொல்லியிருந்தாராம். சித்தப்பா அதை வெள்ளைக்காரரின் கஞ்சத்தனம் என்று நினைத்தார். அவர் இருந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், கதவு பூட்டப்படுவதே இல்லை. புதிதாக ஊரிலிருந்து வந்து இறங்கியவன்கூட நேரே உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து, உப்புக் காணாவிட்டால் போட்டு, சுடவைத்துச் சாப்பிடலாம். சில நாட்களில் நாலு பேர் உப்புப் போட்ட கறியை எல்லோரும் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் மெசினிலும் அதையே செய்தார். மூன்று ஏழு தட்டினார். அவருக்கு, அம்மாவுக்கு, முதலாளிக்கு, அந்தக் கதிரையில் வந்து இருக்கும் எவருக்கும் வாசிக்கலாம், மாற்றலாம், ஓட்டலாம்.

"எல்லாரும் எங்கடை ஆக்கள்தானே" என்றார்.

அம்மா மறுபடி தட்டினார். முதல் தடவை போலவே பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்ந்த கோடும் போடச் சொன்னார் சித்தப்பா. நீ தேடுகிற சாமான் தூரத்தில் இல்லை, இஞ்சைதான் இருக்கு என்று மெசினுக்குச் சொல்லுவதாம் அது. அச்சு இயந்திரம் கரகரவென்று சத்தம் போட்டுத் தாளைத் தள்ளியது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பாரிஸில் பார்த்ததில்லை.

அடுத்த திங்கள் ஒரு சின்னக் குழப்பம். அம்மா ஓட்டியபோது மெசின் எதையோ காணவில்லை என்று முறைப்பாடு சொல்லிவிட்டுத்தான் அச்சடித்தது. சித்தப்பா வந்து ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், முதல் வரியில் தனியாக ஒரு எழுத்து இருந்தது. அது பிள்ளையார் சுழி. மெசினில் தமிழ் இல்லாததால் அம்மா அதைப் பிரெஞ்சு எழுத்தில் போட்டிருந்தார். சுழி போடாமல் ஒரு வேலையைத் தொடங்க அவருக்கு மனம் வரவில்லை. மெசின் அதையும் ஒரு கட்டளையாக நினைத்துப் பிள்ளையாரைத் தேடியிருக்கிறது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அழிக்கவில்லை. அதற்கு முன்னால் வேலி மாதிரி இருந்த ஒரு குறியைப் போட்டார். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதை மெசின் வாசிக்காதாம், அது மனிசருக்கு மட்டும். இப்படியாகப் பிள்ளையார் வேலிக்கு உள்ளே பத்திரமாக இருந்தார், ராகுகாலம் தடையில்லாமல் அச்சாகியது.

சில மாதங்களில் லா ஷப்பேலே அந்தத் தாளைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. சித்தப்பா வாயால் சொன்னபோது நம்பாதவர்கள் மெசின் அச்சடித்துத் தந்ததும் நம்பினார்கள். சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்கப் புறநகரான திரான்சியிலிருந்து வருபவர்கள் முதலில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் மற்றக் கடைகளுக்குப் போனார்கள். முதலாளிக்கும் மகிழ்ச்சி. தங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டே, தாள் கிழிந்தால் அவரே புதிதாக ஒட்டினார். சித்தப்பா அந்தப் பக்கம் போகும்போது நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் போகும்.

அந்தத் தை மாதத்தில்தான் அக்காவின் கல்யாணம் வந்தது. அக்கா என் பெரியம்மாவின் மகள். அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றாகப் பிறந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் இருந்தார்கள். தாலிகட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில். அதற்கு முதல் நாள், சனி காலை பதினொரு மணிக்கு நகரசபையில், எங்கள் பேச்சில் மெரியில், கையெழுத்து. அந்த நேரத்தைப் பெரியம்மா ஊர்க் கலண்டரைப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். பத்தரையோடு ராகு போய்விடுவார், பதினொரு மணி சுத்தமான நேரம் என்று அவருக்கு நிம்மதி.

அந்தக் கிழமை திங்கள் அம்மா வழக்கம்போல் ஸ்கிரிப்டை ஓட்டித் தாளை ஒட்டினார். அன்று பிற்பகல் மாப்பிள்ளையின் தாய், எங்களுக்குச் சம்பந்தியம்மா, கல்யாணச் சாமான் வாங்க லா ஷப்பேலுக்கு வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். சனி ராகுகாலம் பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு மணிக்குக் கிட்ட வரை என்று போட்டிருந்தது. வாங்கிய வாழைக்காயோடு நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய், கையெழுத்து வைப்பதும் கல்யாணம்தான், நட்ட நடு ராகுகாலத்தில் தன் பிள்ளை கையெழுத்து வைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பெரியம்மாவைக் கலக்கியது.

செவ்வாய் காலை பெரியம்மா மெரிக்குப் போய் நேரத்தை மாற்றக் கேட்டார். அங்கே இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சிரித்து, அடுத்த இடம் வசந்த காலத்தில்தான் இருக்கிறது என்றாளாம். ராகுவைப் பற்றிப் பெரியம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கப் பார்த்திருக்கிறார். அவர் யார், சாட்சியா என்று அவள் கேட்டிருக்கிறாள். வசந்தம் வரை தள்ளிப்போட்டால் சம்பந்தம் நிலைக்காது என்று பெரியம்மாவுக்குப் பயம். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இல்லாமல் போயிருந்தது. அக்கா எங்கள் வீட்டுக் குசினியில் வந்து நின்று, வெங்காயம் உரிக்கிற சாட்டில் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது.

அன்று மாலை சித்தப்பா தேநீருக்கு வந்தபோது பெரியம்மா அவர் கையைப் பிடித்துக் கேட்டார், அந்த மெசினில் கொஞ்சம் மாற்றிவிடச் சொல்லி. சித்தப்பாவின் முகம் வாடிப்போனது. ஆனாலும் அவர் இளகவில்லை.

"சூரியனை நான் என்ன செய்யிறது அக்கா? கணக்கு கணக்குத்தான். இண்டைக்கு ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு ஆர் அதை நம்புவினம்?"

பெரியம்மா கையை விட்டுவிட்டார். அம்மா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் அம்மாவோடு கடையில் இருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம் அம்மா மெசினுக்கு முன்னால் இருந்து எதையோ திறந்தார். இப்போது அவர் கதிரையின் நுனியில் இருப்பதில்லை, நன்றாகச் சாய்ந்துதான் இருப்பார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு ஒரு எண்ணை அழித்து ஒரு எண்ணைத் தட்டினார். அச்சு இயந்திரம் கரகரத்தது. புதிய தாளை எடுத்துக்கொண்டு போய், பழையதைக் கிழித்து, அந்த இடத்தில் ஒட்டினார். என்னம்மா என்று கேட்டேன். பிழை ஒன்று இருந்தது, திருத்தியாச்சு என்றார். மெசினில் பிழையைத் திருத்துகிற அளவுக்கு அம்மா வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. புதிய தாளில் சனி ராகுகாலம் பத்தே முக்காலோடு முடிந்திருந்தது.

பெரியம்மா அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டுச் சம்பந்தியம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். வியாழன் மாலை பள்ளிக்கூடம் முடிந்து நான் கடைக்குப் போனபோது இருவரும் அங்கே நின்றார்கள். சம்பந்தியம்மா கண்ணாடியில் இருந்த தாளை உள்ளே நின்றபடி, பின்புறமாகவே வாசித்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமைத் தாளிலை சனி ராகுகாலம் பத்தே முக்காலுக்குத் தொடங்கினது. இண்டைக்கு பத்தே முக்காலோடை முடியுது. ஆர் வேணுமெண்டாலும் மாத்தலாமோ இதை?" என்று கேட்டார்.

 அம்மா கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, "ஒரு நிமிஷம் மதாம், எழுதினவரையே கூப்பிட்டுடலாம்" என்று சொல்லி உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சித்தப்பா ஏப்ரனோடு ஓடிவந்தார். கையில் சவர்க்கார ஈரம் இன்னும் காயவில்லை.

வந்தவர் நேரே மெசினுக்கு முன்னால் இருந்து ஸ்கிரிப்டைத் திறந்தார். மேலே வேலிக்குள் இருந்த பிள்ளையாரிலிருந்து தொடங்கி, ஈர விரலைத் திரையில் வைத்து வரிவரியாக இறங்கினார். சனிக்கிழமைக்குரிய வரியில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. பிறகு விரல் மெதுவாகக் கடைசி வரி வரை இறங்கியது. தன் கைவேலையைப் பார்த்து ரசிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"இதுதான் சரியான கணக்கு. முந்தி இருந்ததுதான் பிழை, நான் விட்ட பிழை" என்றார் சித்தப்பா.

பெரியம்மா மூச்சு விட்டார். சம்பந்தியம்மா விடவில்லை. நாளைக்கு இன்னொருவர் வந்து இதையும் மாற்றினால் என்று கேட்டார். அதற்குச் சித்தப்பா இன்னொரு கட்டளையைத் தட்டினார். ஏழு, ஏழு, ஏழு என்று இருந்தது ஐந்து, ஐந்து, ஐந்து ஆகியது. இனி எல்லோரும் வாசிக்கலாம், ஓட்டலாம், மாற்றுகிற அனுமதி மட்டும் இல்லை. யாருக்கும் இல்லை. அது உண்மை என்று காட்டுவதற்காக அம்மாவைக் கதிரையில் இருத்தி, எதையாவது மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

அம்மா ஸ்கிரிப்டைத் திறந்து, ஒரு எழுத்தைத் தட்டி, சேமிக்கப் பார்த்தார். மெசின் முதல் நாள் சொன்னதையே சொன்னது: அனுமதி இல்லை. நான் அதைத் தமிழில் சம்பந்தியம்மாவுக்குச் சொல்லவேண்டியிருந்தது. சம்பந்தியம்மா திரையைப் பார்த்தார், பிறகு அம்மாவை, பிறகு சித்தப்பாவை.

"அப்ப சரி. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாறம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிழையைத் திருத்தியவர் அம்மா. அவரை எல்லோருக்கும் முன்னால் இருத்தி, உனக்கு இனி அனுமதி இல்லை என்று காட்டிவிட்டாரே இந்த மனுஷன் என்று இருந்தது. அம்மாவோ கோபப்படவே இல்லை. எழும்பிப் போய் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார், இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டு.  அம்மா சிரிப்பை அடக்குவதும் சித்தப்பா கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மெரியில் அக்கா கையெழுத்து வைக்கும்போது நகரசபை மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தாலிகட்டு மண்டபத்தில் சித்தப்பா எனக்கு லட்டு கொண்டுவந்து நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அந்த லட்டையும் தானே சாப்பிட்டார். அக்காவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அத்தானும் அவளும் இன்றுவரை நன்றாகச் சண்டை பிடிக்கிறார்கள். அந்த மாதம் முடிந்த பிறகு கடைத் தாளில் சனி ராகுகாலம் சத்தமில்லாமல் மறுபடி மூன்றாம் பங்குக்குப் போனது; பூட்டைப் போட்ட சித்தப்பாதான் திறந்திருக்கவேண்டும். மரக்கறிப் பையோடு வந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அவர் உள்ளே வந்து அம்மாவிடம் சுகம் விசாரித்துவிட்டுப் போனார்.

பல வருடங்கள் கழித்து, பல்கலைக்கழகத்தில் கறுப்புத் திரைக்கு முன்னால் எங்களை இருத்தி அந்த மூன்று அனுமதிகளையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ஃபைலைப் பூட்டுவதற்கு முன் உள்ளே இருப்பது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பூட்டினால் பிழையும் சேர்ந்துதான் பூட்டுப்படும் என்றார் ஆசிரியை. எனக்கு அந்த ஈர விரல் நினைவுக்கு வந்தது. பாரிஸ் பகலில் சனிக்கு மூன்றாம் பங்கு என்பது சித்தப்பா ஊரையே எதிர்த்து நின்று சொன்ன கணக்கு. அந்த மூன்று இருந்த இடத்தில் ஒரு இரண்டு இருந்ததை அவர் கண்டார். யார் போட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு தட்டில் திருத்தியிருக்கலாம். திருத்தாமல், தன் கணக்கைத் தானே பிழை என்று சொல்லி, அதன்மேல் பூட்டைப் போட்டார். அம்மாவை வெளியே நிறுத்திப் பூட்டினார் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்தேன். அவர் பூட்டிக் காப்பாற்றியது அம்மா போட்ட அந்த இரண்டைத்தான் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.